ஏழு மணி பஸ்ஸும் நிவேதனம் அண்ணாச்சியும்

பீர்மேட்டு மலையில் ஒரு வருஷத்தில் விழுகிற மழைத்துளிகளை யாராவது உட்கார்ந்து எண்ணி முடித்துவிட்டால், அடுத்து அவர்கள் எண்ண வேண்டியது நிவேதனம் அண்ணாச்சி கொடுத்த மனுக்களைத்தான். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மழையாவது மார்கழியில் கொஞ்சம் ஓயும்.

மலையாளத்தில் நிவேதனம் என்றால் மனு. எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அவர் மனைவியைக்கூட நாங்கள் நிவேதனத்து மதினி என்றுதான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவட்டமாக மலையேறி வந்தவர். கவாத்து வெட்டுகிற வேலை. தேயிலைச் செடியை இடுப்புயரத்துக்கு மொட்டையாக வெட்டி விடுகிற அந்த வேலையை நாள் முழுக்கச் செய்துவிட்டு, சாயங்காலம் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சங்கத் தலைவராக மாறிவிடுவார்.

சங்கம் என்றால் கொடி பிடிக்கிற யூனியன் அல்ல. எங்கள் லயங்களில், அதாவது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிக்கிடந்த தொழிலாளர் வீடுகளில், மொத்தம் நாற்பது குடும்பம் இருந்தோம். நாற்பதுக்கும் சேர்த்து ஒரு குடியிருப்போர் நலச் சங்கம். தலைவர் அண்ணாச்சி. செயலாளர் நான். அந்தப் பதவி எனக்கு வந்ததற்கு ஒரே காரணம், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவன் நாற்பது வீட்டிலும் நான் ஒருத்தன்தான். என் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர்கள் யாரும் கிடையாது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கூட்டம் நின்றுகொண்டுதான் நடக்கும். உட்கார்ந்தால் அது ஊர்க்கதை பேசுகிற இடமாகிவிடும் என்பது அண்ணாச்சியின் கொள்கை. மழை பெய்தால் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். சாக்குத்துணி நனைந்து கனக்கக் கனக்க, தீர்மானங்கள் மளமளவென்று நிறைவேறும். ஒரு ஆடி மாசக் கூட்டத்தில் ஏழு தீர்மானங்களை ஐந்து நிமிஷத்தில் ஏகமனதாக நிறைவேற்றினோம். ஏழாவது என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மனுவில் நாற்பது வீட்டுக் கைரேகையும் விழவேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஊதா மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சோறு வடித்துக்கொண்டிருக்கும் பெண்களின் கையைக்கூட விடமாட்டார். எங்கள் லயத்தில் குழந்தைகளின் கன்னத்தில் ஊதாத் திட்டு இருந்தால் யாரும் வைத்தியரைத் தேடிப் போவதில்லை. அம்மா மனுப் போட்டிருக்கிறாள் என்று அர்த்தம்.

யாரிடம் கொடுப்பது என்கிற கவலையே அவருக்குக் கிடையாது. அம்மை குத்த வந்தவரிடம் கழிப்பறைக்கு ஒரு மனு. ஜனத்தொகை எடுக்க வந்த வாத்தியார் தலைகளை எண்ணிவிட்டுத் திரும்பும்போது அவர் பையில் மூன்று மனு. தேனியிலிருந்து ஒரு மாப்பிள்ளை பெண் பார்க்க வந்தார். ஏதோ அரசாங்க ஆபீசில் பியூன் என்று காதில் விழுந்தது. அவ்வளவுதான். பெண் காபி கொண்டு வருவதற்குள் அண்ணாச்சி சாக்கடை பற்றிய மனுவோடு உள்ளே போய்விட்டார். தமிழ்நாட்டுப் பியூன் கேரளத்துச் சாக்கடைக்கு என்ன செய்ய முடியும் என்று நான் கேட்டேன். ஆபீசுக்கு ஆபீஸ் தொடர்பு இல்லாமலா போகும் என்றார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமிழில் சொல்வார், நான் மலையாளத்தில் எழுதி, திரும்ப வாசித்து அர்த்தம் சொல்லவேண்டும். நான் படித்த படிப்பையெல்லாம் அதில் கொட்டுவேன். ‘கண்ணீரும் கம்பலையுமாக’ என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். செடியை வெட்டுகிற அதே கண்ணோடு என் வாக்கியத்தைப் பார்ப்பார். “அழுகைய வெட்டுலே. நாம என்ன பிச்சையா கேக்கோம்? ஆபீசருக்கு மூச்சு விட எடம் வேணும்லா.” பத்து வரி மூன்று வரியாகும். இன்றைக்கு நான் சென்னையில் ஒரு ஆபீசில் கடிதம் எழுதுகிற வேலையில் இருக்கிறேன். என் மேலதிகாரி சுருக்கமாக எழுதுகிறாய் என்று பாராட்டும்போதெல்லாம் எனக்குத் தேயிலை வாசனை வருகிறது.

என் தங்கை செல்வி ஏழாம் வகுப்பு பாஸ் பண்ணியபோதுதான் அந்த பஸ் விவகாரம் தொடங்கியது. எட்டாம் வகுப்புக்குப் பீர்மேடு போகவேண்டும். காலை ஏழு மணி பஸ் எங்கள் லயத்து வாசலில்தான் கடந்து போகும், ஆனால் நிற்காது. இரண்டு மைல் தள்ளி ஃபேக்டரி வளைவில்தான் நிற்கும். விடியும் முன்னே கிளம்பி, எதிரே வருகிற லாரி தெரியாத பனியில், அட்டை ஏறின காலோடு நான் அந்த இரண்டு மைலை மூன்று வருஷம் நடந்தேன். செல்வியை அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. “நீ ஆம்பளப் புள்ள, நடந்த. இவ கொழுந்து கிள்ளப் போகட்டும்,” என்று முடித்துவிட்டாள். பெண் கல்வியைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசினேன். அம்மா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, செல்விக்குக் கொழுந்துக் கூடை வாங்கப் போனாள்.

கூடை வந்த அன்று சாயங்காலமே அண்ணாச்சியிடம் போனேன். மூன்று வரி மனு. நாற்பது ரேகை. பஸ் எங்கள் லயத்தில் நிற்க வேண்டும்.

ஆச்சரியம், டிப்போவிலிருந்து பதில் வந்தது. ஒரு அதிகாரி பஸ்ஸோடு வருவார், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார், எந்த நாள் வசதி என்று தெரிவிக்கவும். அண்ணாச்சி யோசிக்கவே இல்லை. வாரத்தில் ஒரு நாள்தான் எங்களுக்கு வேலை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை என்று எழுதச் சொன்னார், எழுதினேன். பிறகு ஆளுக்கொரு காரணம் ஒதுக்கினார். சும்மா ஏறுகிறோம் என்றால் அதிகாரி மதிப்பாரா? நீ வில்லேஜ் ஆபீஸ், நீ கோர்ட், நீ ரேஷன் கார்டு ஆபீஸ் என்று பிரித்துக்கொடுத்தார். செயலாளர் என்ற முறையில் அதை நோட்டில் அழகாகக் கட்டம் போட்டு எழுதி, எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்தவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்து மூன்று பேர் சாலையோரம் நின்றோம். மதினி கல்யாணப் பட்டில் வந்திருந்தாள். ஒருவர் நிஜமான பிரயாணி மாதிரி இருக்கட்டுமென்று படுக்கையைச் சுருட்டி எடுத்து வந்தார். இன்னொருவர் கையில் சேவல். பஸ் நின்றது. அதிகாரி நோட்டோடு இறங்கினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. மதினியிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ரிஜிஸ்தர் ஆபீஸ் என்றாள் மதினி. அடுத்தவர் வில்லேஜ் ஆபீஸ். படுக்கைக்காரர் கோர்ட்.

அதிகாரி பேனாவை மூடினார். “இன்னு ஞாயறாழ்ச்சயாணு. எந்தக் கோர்ட்டு தொறந்து வச்சிருக்கு?” என்றார்.

எல்லோரும் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தோம். சேவல் மட்டும் ஏதோ சொன்னது. எஸ்.எஸ்.எல்.சி. படித்த நான் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அவர் படியில் கால் வைத்துவிட்டார். எதற்கோ திரும்பியவர், ஓரமாக நின்ற செல்வியைப் பார்த்து, நீ எந்தக் கோர்ட்டுக்கு என்று கேலியாகக் கேட்டார். அவளுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்னப் பெண்தானே என்று விட்டுவிட்டோம்.

“நான் இன்னைக்கு எங்கேயும் போகல சார். ஜூன் மாசம் எட்டாங்கிளாஸ் போகணும். பஸ் நின்னா போவேன். நிக்கலேன்னா கொழுந்துக்குப் போவேன்,” என்றாள்.

அப்போதுதான் அண்ணாச்சி முன்னால் வந்தார். தலையில் கட்டியிருந்த துண்டைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். நான் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை. “சார், எல்லாருக்கும் பொய் சொல்லிக் கொடுத்தது நாந்தான். அந்தப் புள்ளைக்கு மட்டும் நாஞ் சொல்லிக் கொடுக்கல,” என்றார்.

அதிகாரி மூடிய பேனாவைத் திரும்பத் திறந்தார். பிறகு அங்கேயே நோட்டில் எழுதினார். ஜூன் முதல் சோதனை முறையில் பஸ் நிற்கும். தொடர்ந்து பதினைந்து நாள் யாரும் ஏறாவிட்டால் நிறுத்தம் ரத்து.

ஜூனில் பஸ் நின்றது. கூடை பரணுக்குப் போனது. செல்வி எட்டாம் வகுப்புக்குப் போனாள். அவளோடு லயத்தின் இன்னும் மூன்று பிள்ளைகளும் போனார்கள்.

சிக்கல் ஏப்ரலில் வந்தது. இரண்டு மாதம் பள்ளிக்கூட லீவு. பெரியவர்கள் எல்லோரும் மலையில் வேலைக்குப் போய்விடுவோம். ஏழு மணி பஸ்ஸில் ஏற ஆளில்லை. லீவு தொடங்கிய மறுநாள் காலை அண்ணாச்சி சலவைச் சட்டையோடு சாலையோரம் நின்றார். பஸ் வந்தது, ஏறினார். ஃபேக்டரி வளைவில் இறங்கி, இரண்டு மைல் நடந்து திரும்பி, எட்டு மணி பெரட்டுக்கு மூச்சிரைக்க வந்து நின்றார். பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அவரிடமிருந்து குரல் வராது. கையை மட்டும் தூக்குவார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

எந்த இரண்டு மைலை ஒழிக்க மனுப் போட்டாரோ அதே இரண்டு மைலை அவர் தினமும் நடந்தார். பஸ் கண்டக்டர் கோட்டயத்துக்காரர். பாவம், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டாராம், ஃபேக்டரி வளைவில் அண்ணாச்சிக்கு அப்படி என்ன வேலை என்று. திரும்பி நடக்க வேண்டிய வேலை என்று இவர் சொல்லியிருக்கிறார்.

நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஏறினால் போதும்; லீவு முழுக்க நாலே தடவை. படித்தவன் மூளை என்று பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அது தந்திரம்லே. ஒரு தந்திரம் பண்ணி, நடுரோட்டுல அந்தாளு முன்னால நின்னமே, போதாதா?” என்றார். சரி, நானாவது போகிறேன் என்றேன். நீ வேலைக்கு எழுதிப் போடுகிற வழியைப் பார், இது தலைவர் வேலை என்றார். வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதற்கு ஒரு மனு எழுதினால் ஆகாதா என்று உள்ளேயிருந்து மதினி கேட்டாள். தலைவர் வீட்டுக் கூரை கடைசி என்று அதற்கும் பதில் வந்தது.

அடுத்த வருஷம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. எங்கள் லயத்து நிறுத்தத்திலேயே பஸ் ஏறினேன். இரண்டாம் வருஷ லீவிலும் அவர் தினமும் ஏறி இறங்கியதைச் செல்வியின் கடிதத்தில்தான் படித்தேன். முட்டி வீங்கிவிட்டதாம், வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு போனாராம். கண்டக்டர் அவருக்காக முன் ஸீட்டைக் காலியாக வைத்திருப்பாராம். ஜன்னலில்லாத என் அறையில் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, ஏழு மணிக்கு அந்த வளைவில் பனி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். சென்னையில் பஸ்ஸுக்குக் குறைவே இல்லை. எந்த பஸ்ஸும் யாருக்காகவும் நிற்பதாகத் தெரியவில்லை.

செல்வி பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த சமயத்தில் அண்ணாச்சிக்குப் பணிவயது முடிந்தது. வேலை முடிந்தால் எஸ்டேட் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அதற்கு யாரும் மனுப் போடவில்லை. போடலாம் என்று எங்களுக்குத் தோன்றக்கூட இல்லை. ஒரு தகரப் பெட்டி, இரண்டு மூட்டை, மதினி. சங்கரன்கோவில் பக்கம் ஏதோ கிராமம் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஊர்ப் பெயரை யாரும் சரியாகக் கேட்டு வைக்கவில்லை. வழியனுப்ப நான் அங்கே இல்லை. அவர் சார்பில் எத்தனையோ ஆபீசுகளுக்கு எழுதிய நான், அவருக்கென்று ஒரு கடிதம் எழுதியதில்லை.

மே மாசக் கடைசியில் ரிசல்ட் வந்தது. பேப்பரில் நம்பரைப் பார்த்ததும் செல்வி அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நேரே அண்ணாச்சி வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். கதவைத் திறந்தது வேறு குடும்பம்.

சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்கள் யாராவது, மலையிலிருந்து இறங்கி வந்த, முட்டிவலிக்காரரான ஒரு பெரியவரைப் பார்த்தால், இதை அவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். நீளமாக இருக்கிறது என்று நடுவிலேயே கையைக் காட்டுவார். அப்போது மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிடுங்கள்: செல்வி பாஸாகிவிட்டாள், அண்ணாச்சி.