மாப்பிள்ளையின் தெளிவான படம்

வீட்டில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும், அந்தக் குடும்பத்தைச் சனி பிடித்துவிட்டது என்று அர்த்தம். கம்பைநல்லூரில் எங்கள் குடும்பத்துக்கு அந்தச் சனி நான்தான்.

தங்கை கவிதாவின் நிச்சயதார்த்தத்துக்கு மண்டப வாசலில் பேனர் வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மாப்பிள்ளை பிரபு பொம்மிடிக்காரர், பெங்களூரில் வேலை. எங்களிடம் இருந்தது தரகர் வாட்ஸப்பில் அனுப்பிய ஒரே படம். பலர் கை மாறி வந்ததில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கியிருந்தது. பேனர் கடைக்காரர் பெரிதாக்கிக் காட்டினார். முகம் முழுக்கக் கட்டம் கட்டமாக இருந்தது.

"வேற படம் கேளுங்க தம்பி. இதப் போட்டா மாப்பிள்ள வூட்டுக்காரங்களே இது யாருன்னு கேப்பாங்க."

கேட்டிருக்கலாம். ஒரு போன் போதும். ஆனால் எனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே! ஒரு படத்தைக் கொடுத்தால், அதே படம் இணையத்தில் வேறு எங்கே, எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று தேடித்தரும் வசதி உண்டு. ஏற்றினேன். கிடைத்தது. அதே நீலச் சட்டை, அதே சிரிப்பு. மீசை முடியை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு.

துள்ளிக் குதித்த பிறகுதான் அது என்ன பக்கம் என்று பார்த்தேன். பெங்களூரில் தலையில் முடி நட்டுவிடும் ஓர் இடத்தின் விளம்பரம். இடது பக்கம், அதே ஜாடையில் வழுக்கைத் தலை. கீழே 'சிகிச்சைக்கு முன்'. வலது பக்கம் எங்கள் மாப்பிள்ளை, 'சிகிச்சைக்குப் பின்'.

அப்பாவிடம் ரகசியமாகச் சொன்னேன். (என் ரகசியம் பக்கத்துத் தெருவரை கேட்கும்.) அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"முடி போனாப் போவுது. இத மறைச்சவங்க இன்னும் என்னென்ன மறைச்சாங்களோ?" என்றார் அப்பா. நிச்சயத்தை நிறுத்தலாம் என்றுகூடப் பேச்சு வந்தது.

"முடி நட்டா என்னா? கொலையா பண்ணாரு?" என்று கத்திவிட்டு, கவிதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அவசரமாகப் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"முடிய நேர்ல பாத்துட்டு முடிவு பண்ணலாங்கப்பா" என்றேன்.

மாப்பிள்ளை ஊருக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் நானும் பைக்கில் பொம்மிடிக்குப் போனோம். பேனருக்குப் புதுப் படம் எடுக்க வந்ததாகச் சொன்னோம். அவரும் சட்டை மாற்றிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"முடி கொஞ்சம் கலைஞ்சிருக்குதுங்க" என்று கிட்டே போய், ஒரு கொத்தைப் பிடித்து, நட்டது வேரோடு வரட்டும் என்று இழுத்தேன். (நட்ட முடியும் அப்படியெல்லாம் வராது என்பதைப் பிறகுதான் படித்தேன்.)

"அய்யோ அம்மா!"

அவர் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "என்னாங்க பண்றீங்க எம் பையன?"

அப்பா விட்டத்தைப் பார்த்தார். எனக்கு வேறு வழியில்லை, போனை நீட்டினேன். மாப்பிள்ளை படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணா, இங்க வா!"

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒருவர் வந்தார். துண்டை எடுத்தார். 'சிகிச்சைக்கு முன்' என் முன்னால் நின்றது.

"அண்ணனுக்குப் பாக்கத்தான் அங்க போனோம்" என்றார் மாப்பிள்ளை. "தொணைக்குப் போன என்னையும் போட்டோ எடுத்தாங்க. நல்லா வந்திருந்துச்சேன்னு கேட்டு வாங்கித் தரகருக்கு அனுப்பினேன். ரெண்டு பேரையும் ஒரே ஆளாக்கிட்டானுங்க!"

அண்ணன் விளம்பரத்தை உற்றுப் பார்த்தார். "ஏன்டா, சிகிச்சைக்குப் போனது நானு, முடி வந்தது உனக்கா?"

அப்பா ஒரு சொம்புத் தண்ணீரை அன்று போல ஒரே மூச்சில் குடித்து நான் பார்த்ததில்லை. நான் வெளியே வந்து கவிதாவுக்குப் போன் செய்தேன்.

"சொந்த முடிதான் பாப்பா. இழுத்தே பாத்துட்டேன்."

"அவருக்கு ரொம்ப வலிச்சுதாண்ணா?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும்தான் எனக்கு உயிர் வந்தது.

இன்றும் நான் தங்கை வீட்டுக்குப் போனால், "வாங்க" என்று சொல்வதற்கு முன் மாப்பிள்ளை தலையைக் குனிந்து நீட்டுகிறார். "ஒருதடவ இழுத்துப் பாத்துக்குங்க மச்சான், அப்பறம் சாப்புடலாம்." அதைப் பார்த்துப் பார்த்து, அவர்களுடைய மூன்று வயது மகளும் யார் வந்தாலும் ஓடிப்போய்த் தலைகுனிந்து நிற்கிறாள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று தெருவே மெச்சுகிறது.