வாய்விட்டுச் சொல்லும் வைத்தியம்

பேசாமல் இருந்து நான் கெடுத்த காரியம் என்று இதுவரை ஒன்றும் இல்லை. பேசிக் கெடுத்தவை ஏராளம். அவற்றில் முதலிடம், மலை மேல் அரவேணுப் பக்கம் நான் வேலை பார்க்கும் தேயிலை ஃபேக்டரியில் நடந்ததற்குத்தான். அன்று பேசியதுகூட டாக்டரம்மா சொல்லித்தான். (யாரும் நம்புவதில்லை.)

மார்பகப் புற்றுநோய்க்குக் கோயம்புத்தூரில் மருந்து ஏற்றி முடித்து, தலையில் மறுபடியும் முடி முளைக்கத் தொடங்கியிருந்த நேரம். உடம்பு தேறிவிட்டது. மூளைதான் இன்னும் லீவில் இருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஏறிய பிறகு எங்கே போகிறேன் என்று கண்டக்டரிடம் விசாரிப்பேன். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, பயிற்சியில் சமாளிக்கலாம் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் மனநல நிபுணரான ஒரு டாக்டரம்மாவிடம் சேர்த்துவிட்டார்கள். மலை இறங்க வேண்டியதில்லை, வாரத்துக்கு ஒரு தடவை வீடியோவில் பேசினால் போதும்.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது கொல்லையில் துணி துவைக்கும் கல்லின் மேல் மட்டும்தான். சால்வையைப் போர்த்திக்கொண்டு நான் அதில் உட்கார, சாரலுக்கு என் வீட்டுக்காரர் குடை பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். திரையில் அவருடைய கை மட்டும்தான் தெரியும். டாக்டரம்மா ரொம்ப நாள் அதை யாருடையது என்று கேட்கத் தயங்கிக்கொண்டிருந்தாராம்.

"எந்த வேலை செஞ்சாலும் அதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. கவனம் சிதறாது. நடுவுல யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கையில இருக்கிற வேலையை விடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

அன்றே ஆரம்பித்தேன். "இப்பப் பால் வெக்கறேன். இப்ப அடுப்பை அணைக்கறேன். இப்பச் சாவிய எடுக்கறேன்." அதற்குப் பிறகு பாலும் பொங்கவில்லை, பஸ்ஸும் மாறவில்லை. எனக்கு வந்த தைரியத்தில் ஜில்லாவையே நிர்வாகம் பண்ணியிருப்பேன்.

ஃபேக்டரியில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. தேயிலை விலை படுத்துக் கிடந்தது. ஏலத்தில் கேட்க ஆளில்லாமல் மூட்டைகள் குடோனில் தூங்கின. ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த முதலாளி என்னிடம், "இன்னும் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா சரசு" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எஸ்டேட் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்தைவிட, பழைய சரசு இன்னும் இருக்கிறாள் என்று எனக்கே நிரூபிக்க வேண்டியிருந்தது. ஈரோட்டு வியாபாரி தேயிலை பார்க்க வரும் நாளில் ருசி பார்க்கிற மேசையை வழக்கம்போல நானே தயார் செய்கிறேன் என்று அடம்பிடித்து வாங்கினேன்.

வியாபாரி வருவதற்கு முன்னால் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு வரிசையைச் சொன்னார். முதல் கிண்ணத்தில் புதுத் தேயிலை. இரண்டாவதில் வெளுத்துப் போன ரகம். மூன்றாவதில் மழைக்காலத்திலிருந்து விற்காமல் கிடந்த பழைய சரக்கு. சப்பென்று ஒன்றைக் குடித்த நாக்குக்கு அடுத்து வருவது தேவலை என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் இதைத் தப்பென்று யாரும் நினைப்பதில்லை, தொழில் என்றுதான் நினைப்பார்கள்.

ருசி பார்க்கிற அறையில் யாரும் பேச மாட்டார்கள். வியாபாரி கரண்டியோடு நின்றார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கெட்டிலைத் தூக்கினேன்.

"இப்பத் தண்ணி ஊத்தறேன்" என்றேன், கணீரென்று. "மொதக் கிண்ணம், நேத்து அரைச்ச புதுத்தூள். ரெண்டாவது, வெளுத்துப் போனது. இது சும்மா நாக்கை ஏமாத்தறதுக்கு. மூணாவது, பழைய சரக்கு. இதைத்தான் தள்ளி உடோணும்."

முதலாளி இருமினார்.

"மொதலாளி இருமறாரு. நான் கவனிக்கக் கூடாது."

"ஏனுங்க, அந்த மூணாவது எப்பத்தது?" என்றார் வியாபாரி.

"யாரோ கேள்வி கேக்கறாங்க. வேலைய உடக் கூடாது. மழைக்காலத்துத் தூள், மூட்டை பிரிக்காம கெடந்தது. இப்ப மூடி போடறேன். மொதலாளி கண்ணைக் கண்ணைக் காட்டறாரு. எதுக்குன்னு தெரியல."

மூடி போட்டு முடித்துப் பெருமையோடு நிமிர்ந்தேன். ஒன்றுகூட மறக்கவில்லை, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. முதலாளியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது. வியாபாரி மூன்றாவது கிண்ணத்தில் கரண்டியே வைக்கவில்லை. புதுத்தூளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மாடியில் பச்சை இலை வாட்டுகிற இடத்துக்குப் போய் நன்றாக அழுதேன். ("இப்ப அழுவறேன்" என்று சொன்னதாக ஒரு வதந்தி உண்டு.)

அடுத்த வாரம் டாக்டரம்மாவிடம் சொன்னேன். திரை கொஞ்ச நேரம் இருட்டாக இருந்தது. மறுபடி வந்தபோது அவர் சிரிப்பை அடக்கியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "முதல்ல சத்தமா, பழகினதும் முணுமுணுப்பா, நாலு பேர் நடுவுல மனசுக்குள்ளன்னு அன்னிக்கே சொன்னேனேம்மா" என்றார். பின்பாதி எனக்குச் சுத்தமாக ஞாபகமில்லை. சிக்னல் போய்விட்டது என்று இன்றைக்கும் சாதிக்கிறேன். குடை பிடித்தவர் வேறு மாதிரி சாட்சி சொல்கிறார்.

வேலை போகவில்லை. வியாபாரி முதலாளியைக் கூப்பிட்டு, "அடுத்த தடவையும் அந்தம்மாவே ஊத்தட்டுங்க, அப்பத்தான் வருவேன்" என்றாராம். அன்றிலிருந்து ஈரோட்டுக்காரர் வந்தால் நான் மேசையில் இருப்பேன். வேறு யார் வந்தாலும் என்னைக் குடோனுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் அந்த வைத்தியம் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. விருந்தாளி எழுந்திருக்காவிட்டால் என் மகள், "இப்ப மூணாவது தடவையா காபி போடறேன்" என்பாள். மாமியாரோ, "இப்ப உப்பில்லாத கொழம்பச் சாப்புடறேன்" என்று எனக்குக் கேட்கும்படி சாப்பிடுவார்.

என் வீட்டுக்காரர் மட்டும் வெகுநாள் அந்தப் பக்கமே வரவில்லை. சிகிச்சை நடந்த காலம் முழுக்க அவர் சொன்னதெல்லாம் "செரியாயிரும்" என்ற ஒரே வார்த்தைதான். அதற்குப் பிறகு ஒரு பரிசோதனைக்குக் கோயம்புத்தூர் போய், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தோம். (நல்லபடியாகவே வந்தது, பயப்பட வேண்டாம்.) திடீரென்று அவர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "இப்ப நான் பெஞ்சுல உக்காந்திருக்கறேன். எனக்குப் பயமா இருக்குது. ரொம்ப நாளா இருக்குது. இப்ப இவ கையப் புடிச்சுக்கப் போறேன்."

"இப்பக் கையக் குடுக்கறேன்" என்றேன். "எனக்கும் பயமாத்தான் இருக்குது."

பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இப்ப அந்தம்மா தள்ளிப் போறாங்க" என்றார் என் வீட்டுக்காரர், கையை விடாமல்.