பிளேன்டி நானாவின் ஆகாயச் சண்டை

பிள்ளைகளே, ஆகாயத்தில் நடந்த சண்டையை டீக்கடைக்குள் நடத்திக் காட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். உக்குவளையில் கடை வைத்திருந்த பிளேன்டி நானா. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

மாத்தளைத் தியேட்டருக்கு ஓர் இங்கிலீஷ் சண்டைப்படம் வந்தது. பிளேனும் பிளேனும் மோதும் படம். அதைப் பார்த்த நாளிலிருந்து நானாவின் கடையில் பால் சேராத தேநீரான பிளேன்டி கேட்பதே ஆபத்தாகிவிட்டது.

"நானா, ஒரு பிளேன்."

"எந்தப் பிளேன் தம்பி? நம்மடதா, எதிரிடதா?"

நாம் வாய் திறப்பதற்குள், கோப்பை வைக்கும் பீரிசுகள் இரண்டு மேலே எழும்பிவிடும். ஒன்று மற்றதைத் துரத்தும். "டுர்ர்ர்... டக டக டக!" தேநீர் ஆற்றும் குவளை தலைக்கு மேலிருந்து குண்டு போடும். சட்டை நனைந்த பிறகுதான் குடிக்கக் கிடைக்கும். எது நம் பீரிசு, எது எதிரியின் பீரிசு என்று கேட்டால் அவருக்கே குழம்பிவிடும். "அது... சண்டையில மாறிட்டு."

முடிவில் எப்போதும் ஒரே வசனம். "கட்டாயம் போய்ப் பாருங்க. பாத்துட்டு வந்து, அந்தச் சின்னப் பைலட் எறங்கினானா இல்லையாண்டு எனக்குச் செல்லுங்க."

ஏனென்றால் நானா படத்தின் முடிவைப் பார்த்ததே இல்லை. உக்குவளைக்கான கடைசி பஸ் அதற்கு முன்பே புறப்பட்டுவிடும். வால் பற்றி எரியும் பிளேனில் அந்தப் பையன் தத்தளிக்கும்போது, கொண்டக்டர் தியேட்டர் வாசலில் நின்று "உக்குவளை! உக்குவளை!" என்று கூவுவார். நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடுவார். எத்தனை முறை போனாலும் அதே இடம், அதே கூவல். பையன் வானத்திலேயே நின்றான். நானாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மாத்தளை டவுனிலேயே தங்கியிருந்த யாழ்ப்பாணத்து மாஸ்டரை முதலில் அனுப்பினார். மாஸ்டர் மறுநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை நானா. ஆனா கடைசியில பெடியன் செத்துப்போனான்."

நானா அன்று கடையைப் பாதியில் பூட்டிவிட்டார்.

அடுத்து என்னைப் பிடித்தார். நான் கராஜில் வேலை செய்தவன், சைக்கிள் இருந்தது, பஸ்ஸுக்குப் பயமில்லை.

"மாஸ்டர்ட கண்ணாடி பழசு. நீ போய்ப் பாரு தம்பி."

பார்த்தேன். இடைவேளைக்கு முன்பே பையன் விழுந்து செத்தான். இடைவேளைக்குப் பிறகு சிரித்துக்கொண்டே வந்து முட்டை சாப்பிட்டான். கடைசியில் அழகாகத் தரையிறங்கித் தொப்பியைக் கழற்றினான். எனக்குத் தலை சுற்றியது. நேரே படம் ஓட்டுகிறவரிடம் போய்க் கேட்டேன்.

"போன வாரம் ரீல் டப்பாவுல நம்பர் அழிஞ்சிருச்சு தம்பி. கைக்கு வந்தத போடுறேன். இதுவரைக்கும் யாரும் கேக்கலியே!"

பார்த்ததைச் சொன்னேன், ரீல் கதையையும் சொன்னேன். நானாவுக்கு ரீல் முக்கியமில்லை.

"மௌத்தானவன் எப்பிடித் தம்பி முட்ட தின்னுற?"

"தின்னானே நானா. என் கண்ணால பாத்தேங்க."

"எறங்கினானா?"

"எறங்கினான்."

நானா ஒரு பீரிசை எடுத்து, சத்தமே இல்லாமல் மேசைமேல் இறக்கினார். அதன்மேல் வந்தது பிளேன்டி அல்ல. ஆடை மிதக்கும் பால் டீ.

"நீ பாத்ததுதான் சரியான படம்," என்றார்.

பல காலம் கழித்து, அதே படத்தைக் கண்டியில் ரீல் மாறாமல் பார்த்தேன். நல்ல படம், பிள்ளைகளே. எங்காவது வந்தால் கட்டாயம் போய்ப் பாருங்கள். முடிவை மட்டும் உக்குவளைப் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அங்கே அந்தப் பையன் பத்திரமாக இறங்கிவிட்டான்.