துப்பாக்கிக்கு நகை பூட்டுகிறவர்

உலகத்தில் சுடத் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதவர்கள் உண்டு. இரண்டு தரப்பையும் நான் மதிக்கிறேன். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: சுடுவதற்குத் தயாராகிக்கொண்டே இருக்கிற இனம். அதைத்தான் இன்று உங்களுக்குக் காட்டப் போகிறேன். கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள், கடிக்காது.

எங்கள் துப்பாக்கி சுடும் மன்றத்தில் இந்த இனத்துக்கு முழு லட்சணமும் பொருந்திய ஒருவர் இருக்கிறார். தொழிலில் வரி ஆலோசகர், மன்றத்தில் 'உதிரிபாகத்தார்'. பத்து மீட்டர் தள்ளித் தொங்கும் காகிதத்தில் ஓட்டை போடுகிற ஏர் பிஸ்டல் ஒன்றை வாங்கினார். அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா மனிதர்? குழல் ஆடுகிறது என்று அதன் அடியில் எடைக்கட்டிகள், வெளிச்சம் உறுத்துகிறது என்று ஒற்றைக் கண்ணாடி, மற்ற கண் வேடிக்கை பார்க்கிறது என்று அதற்கொரு மறைப்பு, கால் வழுக்குகிறது என்று தட்டை அடி வைத்த ஷூ, ஷூவுக்கு ஒரு பை, பைக்கு ஒரு மழை உறை. நாங்கள் சுடுவது கூரைக்கு அடியில். அதை அவரிடம் சொல்லிப் பார்த்தாயிற்று.

மோசமாகச் சுட்டால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? இன்னும் கொஞ்சம் பழகுவோம். இவர் கடைக்குப் போவார்.

"கை நடுங்குது சார். தினம் நூறு தடவை தூக்கிப் பழகுங்க," என்றார் பயிற்சியாளர்.

"பழகலாம் மாஸ்டர், அதுக்கென்ன? ஆனா இந்தப் பிடி என் கைக்குன்னு செஞ்சதில்லையே!"

அன்றே சுவருக்குப் பூசும் பட்டி மாதிரி ஒரு மாவைக் குழைத்து, மரப்பிடியின் மேல் அப்பி, தன் கையை அதில் பதிய வைத்தார். வாரம் ஒரு பூச்சு. பிடிக்குத் தொப்பை விழுந்தது.

அவர் மனைவி துணைக்கு வந்தவர். மூலை நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவரை, "சும்மாதானேம்மா இருக்கீங்க?" என்று கூப்பிட்டு, மன்றத்தின் பழைய பிஸ்டலைக் கையில் கொடுத்தார் பயிற்சியாளர். அதன் பிடியில் டேப் சுற்றியிருக்கும். அந்த அம்மாள் அதைத் தூக்கினார், சுட்டார், மறுநாளும் வந்து சுட்டார். அவ்வளவுதான் அவருடைய ரகசியம்.

மன்றங்களுக்கிடையிலான போட்டிக்கு நாலு பேர் கொண்ட அணி. மூன்று இடம் நிரம்பிவிட்டது. நாலாவது இடத்துக்கு மிஞ்சியவர்கள் இந்தத் தம்பதி. உதிரிபாகத்தார் அந்த இடத்துக்காக ஆறு வருஷமாகத் தவம் கிடந்தவர். கேலியை விட்டுச் சொல்கிறேன், அந்த ஆசை நிஜமான ஆசை.

தேர்வு நாளன்று முதலில் துப்பாக்கியை ஓர் அளவுப் பெட்டியில் வைத்து மூடிக் காட்ட வேண்டும். மூடி படியாவிட்டால் சுட முடியாது. சோதனை மேசையில் இருந்த பெண் அதிகாரி வைத்துப் பார்த்தார். திருப்பி வைத்துப் பார்த்தார்.

"மூடலை சார்."

"லேசா அழுத்துங்க மேடம்."

"இது சூட்கேஸ் இல்ல சார். பத்து நிமிஷம் தரேன், கழட்டிட்டு வாங்க."

எடைக்கட்டிகள் கழன்றன. ஆனால் தொப்பை? நடைபாதையில் உட்கார்ந்து அரத்தை எடுத்தார். கை ஓடவில்லை. ஆறு வருஷம் இல்லையா! மனைவிக்கும் அதே சுற்றில் போட்டி. மூச்சை நிதானப்படுத்திக்கொள்ள வேண்டிய நேரம். "ஐயோ, குடுங்க இப்படி!" என்று பிடுங்கி, தரையெல்லாம் மாவு கொட்டக் கொட்ட அவரே தேய்த்துக் கொடுத்தார்.

மொட்டைத் துப்பாக்கியோடு போய் நின்றார் உதிரிபாகத்தார். அறுபது குண்டு, மொத்தம் அறுநூறு புள்ளி. அதில் ஐந்நூற்று நாற்பத்தொன்று! அவர் வாழ்நாளில் அதுவரை ஐந்நூற்றிருபதைத் தாண்டியதில்லை. மன்றமே கை தட்டியது.

மனைவி, ஐந்நூற்று நாற்பத்திரண்டு.

மனிதர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கே சங்கடமாகிவிட்டது. இப்போதாவது புரிந்திருக்கும், தோளைத் தட்டி நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்வோம் என்று நெருங்கினேன். அதற்குள் எழுந்து மனைவியிடம் போனார். அந்தப் பழைய பிஸ்டலை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு களை வந்தது.

"அடப்பாவமே, இந்தப் பிடியை வெச்சுக்கிட்டா சுட்டே? முன்னாடி எடையே இல்லையே! ஒரு வாரம் எங்கிட்ட குடு. நான் பாத்துக்கறேன்."

அறுபது குண்டுக்கும் பதறாத அந்த அம்மாள் அப்போதுதான் பதறினார். துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு, "மாஸ்டர்! இதை உங்க அலமாரில வெச்சுப் பூட்டுங்க. போட்டி முடியற வரைக்கும் இவர் என்ன கெஞ்சினாலும் சாவியைக் குடுக்காதீங்க!" என்று கத்தினார்.

சிரிக்கிறீர்கள். நமக்குத்தான் துப்பாக்கி கிடையாதே என்ற தைரியம். உங்கள் வீட்டில் விலைச்சீட்டுகூடக் கிழியாத ஓட்டப் பயிற்சி ஷூ எங்கே இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை. என்மேல் கோபம் வந்தால் தாராளமாக நாலு வரி திட்டி எழுதுங்கள். ஆனால் அதற்கு முன், திட்டுவதற்குத் தோதாக ஒரு நல்ல பேனா பார்க்கலாமே என்று கடைக்குக் கிளம்பினீர்களோ, ஐயா, உங்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.