வெந்நீர் அக்காவின் மிஷினில் கிருமி

"இன்னைக்கும் இருக்காம்" என்றார் சூப்பர்வைசர்.

வெந்நீர் அக்கா கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தாள்.

அந்த ஐஸ்கிரீம் ஆலையில் கழுவும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. வேலை முடிந்ததும் பெரிய மிஷினைக் கழற்றி, கழுவி, மருந்துத் தண்ணீர் விட்டு, திரும்ப மாட்டிக் கொடுப்பது அவர்கள் பொறுப்பு. பச்சைத் தண்ணீரை அவள் தண்ணீர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. அதனால் வந்த பெயர் அது. இத்தனை வருஷத்தில் அவள் கழுவியதை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

சொன்னது புது டெஸ்ட்.

முன்பெல்லாம் மிஷினைத் துடைத்த பஞ்சை ஆய்வகத்தில் ஒரு தட்டில் தடவி, கிருமி வளர்கிறதா என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் மிஷினிலிருந்து ஒன்றும் வளர்ந்ததில்லை. இப்போது ஆய்வக மேடம் மரபணுவைப் பார்க்கும் டெஸ்ட்டைக் கொண்டுவந்திருந்தார். காலையில் துடைத்தால் சாயங்காலத்துக்குள் கிருமியின் குலம் கோத்திரம் வரை சொல்லிவிடுமாம். துடைக்க வருகிறவருக்கு நரைத்த மீசை, பட்டப்பெயர் பஞ்சு. வருவார், துடைப்பார், பஞ்சைக் குழாயில் போட்டு மூடுவார், போய்விடுவார். பேச்சு வார்த்தை கிடையாது.

"இது குளிர்லயே வளர்ற கிருமியாம்" என்றார் சூப்பர்வைசர். "வாயும் வயிறுமா இருக்கறவங்க சாப்பிட்டா உள்ள இருக்கற குழந்தைக்கே ஆபத்தாம்."

"நான் கழுவினதுலயா?"

"டெஸ்ட் பொய் சொல்லுமாம்மா? இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா கழுவற வேலையை வெளி ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன். என் தலை உருளக் கூடாது பாருங்க."

பின்னால் நின்ற பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள். அந்த வேலையை நம்பித்தான் அவர்கள் வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று அக்கா கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் விட்டாள். மிஷினின் மூலை முடுக்கெல்லாம் பிரஷ்ஷை விட்டுக் குடைந்தாள். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது.

மறுநாள் கிருமியின் எண்ணிக்கை கூடியிருந்தது.

"கழுவினீங்களா, வளர்த்தீங்களா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

அடுத்த தடவை மருந்தை இரண்டு பங்காகக் கலந்தாள். வாசலில் இருந்த காவலாளி வரைக்கும் தும்மினார். மறுநாள் பஞ்சில் கிருமியே இல்லை என்று செய்தி வந்தது. சூப்பர்வைசர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் ஆய்வகத்திலிருந்து மறுபடியும் ஆள் வந்தது. டெஸ்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்களே கொஞ்சம் மரபணுவைக் கலந்து வைப்பார்களாம். அதுகூட டெஸ்ட்டின் கண்ணில் படவில்லையாம். பஞ்சில் ஏறியிருந்த மருந்தில் டெஸ்ட்டே மயக்கம் போட்டுவிட்டது.

குடித்த டீயை எப்படித் திரும்ப வாங்குவது என்று யோசிக்கிற முகத்தோடு சூப்பர்வைசர் நின்றார்.

வீட்டில் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புருஷன் லாரி மெக்கானிக். தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என் கைக்குத்தான் என்னவோ ஆயிடுச்சுங்க" என்றாள்.

"உன் கைக்கு ஒண்ணும் ஆகலை. எங்கயாவது இடுக்குல ஒளிஞ்சிருக்கும். நட்டு போல்ட்டு சமாச்சாரம்னா என்கிட்ட விடு."

ஆலை ஓடாத நாளாகப் பார்த்து அனுமதி வாங்கி அவரை அழைத்துப் போனாள். அவர் மிஷினைக் கடைசி வாஷர் வரைக்கும் பிரித்துப் பரப்பினார். ஒவ்வொரு துண்டையும் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அவள் கழுவினாள். எல்லாவற்றையும் மாட்டிய பிறகு ஒரு போல்ட் மிச்சம் இருந்தது.

"இது எங்க போறது?" என்றாள்.

"கேக்காத" என்றார் அவர். மறுபடி பிரித்தார். மறுபடி கழுவினாள்.

அடுத்த டெஸ்ட்டில், இதுவரை யாரும் பார்த்திராத எண்ணிக்கை வந்தது.

சூப்பர்வைசர் திட்டக்கூட இல்லை. போனை எடுத்து, திங்கட்கிழமையே வந்துவிடுங்கள் என்று வெளி ஆட்களிடம் சொன்னார். பெண்கள் ரப்பர் ஏப்ரன்களை மடித்து வைத்தார்கள். ஒருத்தியும் அக்காவைக் குறை சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகம் குத்தியது.

அந்த நேரத்தில்தான் மேடம் அக்காவையும் சூப்பர்வைசரையும் கூப்பிட்டனுப்பினார். ஆய்வகத்துக்குள் அக்கா நுழைந்ததே இல்லை. பயத்திலும் கண் பழக்கம் போகவில்லை. ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தூசி இருந்தது.

மேடம் உட்காரச் சொன்னார். "டெஸ்ட்ல ஒரு குறை இருந்துச்சு. மரபணு இருக்கான்னு பாக்கத் தெரியுது. அந்தக் கிருமி உயிரோட இருக்கா, செத்துக் கிடக்கான்னு பாக்கத் தெரியலை."

அக்காவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "செத்ததை எல்லாமா சேத்து எண்ணிச்சு?"

"ஆமா. நீங்க குடையக் குடைய இடுக்குல கிடந்த பொணமெல்லாம் வெளிய வந்துச்சு. எண்ணிக்கை ஏறிட்டே போச்சு."

இப்போது ஒரு சாயம் சேர்த்திருக்கிறார்களாம். செத்த கிருமிக்குத் தோல் கிழிந்திருக்கும்; சாயம் உள்ளே போய் அதன் மரபணுவை டெஸ்ட்டின் கண்ணில் படாதபடி பூட்டிவிடும். உயிருள்ள கிருமி சாயத்தை உள்ளே விடாது, அதனால் அது மட்டும் டெஸ்ட்டில் மாட்டிக்கொள்ளும். வேண்டுமென்றே உயிருள்ள கிருமியைக் கலந்து பார்த்தார்கள், டெஸ்ட் சரியாகப் பிடித்தது. அக்காவின் பஞ்சைப் போட்டார்கள். ஒன்றும் இல்லை. பழைய மாதிரி தட்டில் தடவி வைத்ததிலும் ஒன்றும் வளரவில்லை.

"அப்ப அவ்வளவும்?" என்றார் சூப்பர்வைசர்.

"அவ்வளவும் இவங்க கொன்னது."

"நான் அப்பவே நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டே சூப்பர்வைசர் போனோடு வெளியே ஓடினார். திங்கட்கிழமை வர வேண்டாம் என்று அவர் கெஞ்சுவது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்டது.

அக்கா தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். வெந்நீரில் வெந்து வெளுத்த கை. அதை மேஜைமேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஆனாலும் ஒன்று உறுத்தியது.

"அது சரி மேடம். ஆலையில இத்தனை மிஷின் இருக்கு. தினமும் என் மிஷினையே எதுக்குத் துடைச்சீங்க? என்மேல அப்படி என்ன சந்தேகம்?"

மேடம், ஓரமாக நின்றிருந்த பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு தொண்டையைச் செருமினார்.

"சோதிச்சது உங்களை இல்லக்கா, டெஸ்ட்டை. கிருமி இல்லாத இடத்துல போய் இருக்குன்னு சொல்லுதான்னு பாக்க, சந்தேகமே இல்லாம சுத்தமான இடம் ஒண்ணு வேணும்னாங்க, உங்க மிஷினைத்தான் காட்டினேன். முன்னாடியே சொன்னா நீங்க கூடுதலா கழுவிடுவீங்கன்னுதான் சொல்லலை."