என் முப்பத்தேழு ஆட்சேபங்களும் ஒரு பச்சைத் தலைப்பும்

14 மார்ச் 2025, வெள்ளிக்கிழமை
முற்பகல் 10.40

என் மனைவியின் உடன்பிறப்பும், கணினி விவகாரங்களில் எனக்குள்ள ஒரே புகலிடமுமான மைத்துனனுக்கு அத்தான் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் நலம். அதாவது, தனித்தனியாக நலம். சேர்ந்து நலமாக இருந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது. உன் நலத்தையும் உன் வீட்டார் நலத்தையும் அறிய ஆவல்.

சென்ற பிப்ரவரி 2, ஞாயிறு மாலை, நீ என் கணினியில் இருந்த இணைய உலாவியை எடுத்துவிட்டு அதன் சோதனைப் பதிப்பை நிறுவிக் கொடுத்தாய். "மத்தவங்களுக்கு மூணு மாசம் கழிச்சு வரப்போறதெல்லாம் உங்களுக்கு இன்னைக்கே வந்துடும், அத்தான். ஏதாவது சரியில்லைன்னா அவங்களுக்கு எழுதிப் போடுங்க" என்று பேச்சுவாக்கில் சொன்னாய். நான் அதைப் பணி நியமன ஆணையாக ஏற்றுக்கொண்டேன். நில அளவை அலுவலகப் பதிவறையில் முப்பத்துநான்கு ஆண்டு கண்காணிப்பாளராக இருந்தவனிடம் "எழுதிப் போடு" என்றால், சும்மா கிடந்த சங்கை ஊதினாற்போல்தானே? மறுநாளே ஒரு பதிவேடு திறந்தேன். தினமும் ஒரு புதுப் பதிப்பு வருகிறது. கூடவே "வரவிருக்கும் மாற்றங்கள்" என்றொரு பட்டியலும் வருகிறது. அதை நான் பொதுமக்களிடம் ஆட்சேபம் கோரும் அறிவிப்பாகவே கொண்டு, வரிசை எண் இட்டு எழுதி அனுப்பலானேன். பின்செல்லும் பொத்தானின் மூலை உருண்டையானதற்கு ஓர் ஆட்சேபம். அது மறுபடி சதுரமானதற்கு இன்னோர் ஆட்சேபம். நான் ஒற்றை விரலால் தட்டி முடிப்பதற்குள் அடுத்த பதிப்பு வந்து, நான் எதிர்த்த பொருளே இல்லாமல் போய்விடும். ஆனாலும் அனுப்பிவிடுவேன். நேற்று வரை முப்பத்தேழு. ஒன்றுக்கும் பதில் இல்லை. உன் அக்கா ஒருத்திதான் பதில் சொன்னாள்: "அந்தப் பொத்தான் உங்களை என்ன பண்ணுச்சு? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே!"

இனி விஷயத்திற்கு வருகிறேன். நீ டேப் என்று சொல்வதை நான் தாவல் என்றே எழுதுவேன். திறந்த தாவலை நான் மூடுவதில்லை. மேலதிகாரியின் கையொப்பமின்றி எந்தக் கோப்பும் மூடப்படலாகாது என்பது பதிவறை விதி. வீட்டிலும் மேலதிகாரி உண்டு. ஆனால் இவற்றை அவள் பார்வைக்கு நான் வைத்ததில்லை. அப்படியாக நூற்றுப்பன்னிரண்டு தாவல்கள், மேலே ஒரே வரிசையில், தலைப்பே தெரியாமல் நெருக்கியடித்து, பத்திரமாக இருந்தன. மார்ச் 10, திங்களன்று வந்த பதிப்பு அவை எல்லாவற்றையும் திரையின் இடப்பக்கத்துக்கு இறக்கி, மேலிருந்து கீழாகப் பட்டியல் போட்டது. 11ஆம் தேதி வந்த பதிப்பு, ஒரே பொருளுடையவற்றைத் தானே சேர்த்துக் கட்டி, தானே தலைப்பும் சூட்டி, வண்ணமும் பூசிவிட்டது. "முழங்கால்" நீலம். "ஓய்வூதியம்" சாம்பல். "மறதி நோய்: 14 பக்கங்கள்" பச்சை. கண்ணாடி போடாதவர்களுக்கும் அறையின் அந்தக் கோடியிலிருந்தே தெரியும் பச்சை. நானோ அந்தப் பச்சையின் அழுத்தத்தை எதிர்த்து முப்பத்தாறாவது ஆட்சேபத்தை எழுதிக்கொண்டிருந்தேன். காப்பியோடு வந்த உன் அக்கா பின்னால் நிற்பதைக் கவனிக்கவில்லை.

"யாருக்கு மறதி?" என்றாள். நான் திரையைக் கையால் மறைத்தேன். அதுதான் தப்பு. "போன வாரம் குழாயை மூடாம வந்துட்டேன், நெசந்தான். சாவியைக் குளிர்பெட்டியில வச்சேன், அதுவும் நெசந்தான். அதுக்காக என்னைப் பத்திப் பதினாலு பக்கம் படிப்பீங்களா?" காப்பி மேசைமேல் இறங்கிய வேகத்தில் பாதி, பதிவேட்டில். அன்றிலிருந்து என்னிடம் பேச்சில்லை, அறிவிப்பு மட்டும்தான். "இது சாவி. ஆணியில மாட்டுறேன். நல்லாப் பாத்துக்குங்க, நாளைக்கு நீங்கதானே எனக்குச் சொல்லித் தரணும்!" "இது அடுப்பு. அணைச்சாச்சு. வந்து கையெழுத்துப் போடுங்க!" என்னத்தைச் சொல்ல!

உன்னிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். அந்தப் பதினான்கு பக்கமும் அவளுக்காக அல்ல. பிப்ரவரி 17, திங்களன்று மருந்துக் கடையில் என் பிறந்த தேதியைக் கேட்டார்கள். வரவில்லையப்பா. நின்றேன், யோசித்தேன், கடைசியில் வாயில் வந்த தேதியைச் சொன்னேன்: 9 ஜூன் 1976. அது நான் பணியில் சேர்ந்த தேதி. கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நாற்பத்தெட்டு வயசுதானா? ரொம்ப உழைச்சிட்டீங்க போல" என்றார். வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் ஓய்வூதியப் புத்தகத்தை எடுத்துப் பிறந்த தேதியைப் பார்த்தேன். தேதியைத் தவிர என்னிடம் வேறென்ன சரக்கு இருக்கிறது, சொல்? நாற்பத்துநான்கு வருஷமாக இந்த வீட்டில் எல்லாருக்கும் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்துகிற உத்தியோகம் என்னுடையது. அதிலிருந்தும் ஓய்வு கொடுத்துவிட்டால் நான் எங்கே போய் உட்காருவது? அவளிடம் எந்த முகத்தோடு சொல்வேன்?

ஆகவே, வரும் 16ஆம் தேதி ஞாயிறு மாலைக்குள் நீ நேரில் வந்து இரண்டு காரியம் செய்து தர வேண்டும். ஒன்று, பழைய உலாவியை மீட்டுத் தருவது. இரண்டு, அந்தப் பச்சைத் தலைப்பு சோதனைப் பதிப்பில் தானாக நேர்ந்த பிழை என்று உன் அக்காவிடம் நீயே சொல்வது. தம்பி சொன்னால் நம்புவாள். நான் மேலே எழுதியது எக்காரணம் கொண்டும் அவள் காதுக்குப் போகக் கூடாது.

உன் தொழில் ஓங்கவும், உன் கடவுச்சொற்கள் யாவும் எந்நாளும் உன் நினைவில் நிற்கவும் வாழ்த்தும்,
அத்தான்.

பின்குறிப்பு (அதே நாள், பிற்பகல் 12.25): பிரதி எடுத்து வைக்காமல் நான் எந்தக் கடிதத்தையும் வெளியே விடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். நேற்று அச்சிடும் பொத்தான் இருந்த இடத்தில் இன்றைய பதிப்பு "உரக்க வாசி" என்ற பொத்தானை வைத்திருக்கிறது. அமுக்கிவிட்டேன். என் காதுக்கு ஏற்ற சத்தத்தில், ஒரு பெண் குரல், முதல் வரியிலிருந்து தொடங்கியது. நிறுத்தும் பொத்தானைத் தேடினேன், காணோம். "மேல்பட்டையில் பொத்தான்கள் மிகுதி, ஒன்றையேனும் குறைக்கவும்" என்பது என் இருபத்தொன்பதாவது ஆட்சேபம். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கடைசி "அத்தான்" வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் உன் அக்கா உள்ளே வந்தாள். "அந்தப் பொண்ணு நல்லா வாசிக்குது" என்றாள். "என் தம்பியையே பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைப்பேசியை நீட்டினாள். அதே நோய், பதினாறு பக்கம். மார்ச் 18, செவ்வாய், காலை 10.15க்கு மருத்துவரிடம் இரண்டு பேர் பெயரையும் பதிந்து வைத்திருக்கிறாள். பதிந்தது மார்ச் 3ஆம் தேதி. பச்சைத் தலைப்பு வருவதற்கு எட்டு நாள் முன்னாலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

ஆகையால் நீ ஞாயிறன்று வர வேண்டாம். உலாவி இப்படியே இருக்கட்டும். 17ஆம் தேதி மாலை மட்டும் இருவருக்கும் தனித்தனியாக நினைவூட்டிவிடு. அந்தப் பதினாறு பக்கத்தையும் யாரை நினைத்துப் படித்தாய் என்று உன் அக்காவிடம் கேட்டேன். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், "மறந்துபோச்சு" என்றாள்.