நாக்கைத் தூக்குங்க சாமி

"ஏனுங்க பாய், இருமல்தான் நின்னு போச்சே, அப்புறம் எதுக்குங்க மாத்திரை?"

"இருமல் நின்னுருச்சு அம்மிணி, கிருமி நிக்கலையே! உள்ளே படுத்துத் தூங்குது. பாதியில விட்டீங்கன்னா முழிச்சுக்கும். முழிச்சதும் மாத்திரைக்குப் பழகிக்கும். அப்புறம் இதையே கூடை கூடையாப் போட்டாலும் கடலை மிட்டாயாட்டத் தின்னுபோட்டு இன்னும் கொண்டாங்கும்."

"அவரு கேக்க மாட்டேங்கறாருங்க. ஒடம்பு சூடாவுதுங்கறாரு."

"சூடுன்னா மோரு குடுங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க."

மிளகு வியாபாரி ஜாபர் உசேனோடு பேசிய அந்தப் பேச்சு, ஊராட்சி அலுவலக வாசலில் குற்றவாளி மாதிரி உட்கார வைக்கப்பட்டிருந்த அம்சவேணிக்கு இப்போது ஞாபகம் வந்தது. புருஷன் மாதேஸ்வரன் மோரைக் குடித்தான். மாத்திரையையும் நிறுத்தினான். பாய் சொன்னபடியே கிருமி முழித்துக்கொண்டது. மறுபடி இருமல், மறுபடி இளைப்பு. ஆனால் இந்தத் தடவை பழி கிருமியின் மேல் விழவில்லை, அம்சவேணியின் மேல் விழுந்தது.

காரணம், குழல்சாமி.

2002-ஆம் வருஷம் மலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டு ஊர்களில் குழல்சாமியைப் பார்க்காதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அவர்களையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். பேளுக்குறிச்சிச் சந்தைக்கு வந்த கூட்டம் சந்தையை மறந்து மலையேறியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து கிளம்பிய ஜீப்புகளில் மேலே ஆள், பின்னால் ஆள், உள்ளே சேவல். சாமிக்குக் காணிக்கை ஒரு சேவலும் கொஞ்சம் மிளகும். சாமி பணத்தைக் கையால் தொட மாட்டார். சேவலைத் தொடுவார், குழம்பில்.

சாமியின் பூர்வாசிரமப் பெயர் சின்னுசாமி. சோற்றில் யாரோ கலந்து கொடுத்த இடுமருந்து வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குகிறது, இருமல் அதன் கூப்பாடு என்பது அவர் கண்டுபிடிப்பு. தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து ஒரு உறிஞ்சு உறிஞ்சுவார். வாழையிலையில் 'தூ' என்று துப்புவார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை ஒன்று விழும். கூட்டம் கையெடுத்துக் கும்பிடும்.

"வலது கையால சோறு போட்டவதான் மருந்தையும் வெச்சவ!" என்பார்.

ஊரில் இடது கையால் சோறு போடுகிறவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாமிக்கு மேடை கொடுத்தவர் ஊராட்சித் தலைவர் ராசப்பன். அவருக்குப் பக்தியெல்லாம் கிடையாது, அவசரம்தான். மந்திரி ஒருவர் வரப்போகிறார். மலையிலேயே முதல் காசநோய் இல்லாத ஊராட்சி என்று பலகை திறக்கப்போகிறார். பலகை எழுதி, பெயிண்டும் காய்ந்தாயிற்று. ஆனால் பாவிகள் இன்னும் இருமிக்கொண்டிருந்தார்கள். ராசப்பன் யோசித்தார். நோயை ஒழிக்க மாசக் கணக்கில் ஆகும். நோயின் பெயரை ஒழிக்க ஒரு ஒலிபெருக்கி போதும்.

"நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் டி.பி. கெடையாது! இருமறவங்க எல்லாத்துக்கும் இடுமருந்துதான்!" என்று அறிவித்தார். அன்றைக்கே காசநோய் ஒழிந்தது.

ஆஸ்பத்திரி தூரம் என்பதால், சர்க்கார் மாத்திரைப் பெட்டியைத் தன் கடையில் வைத்து, ஒன்று விட்டு ஒரு நாள் நோயாளிகளைத் தன் கண்ணெதிரே விழுங்க வைப்பது ஜாபர் உசேன் ஏற்றுக்கொண்ட வேலை. சும்மா விழுங்கினேன் என்றால் விட மாட்டார். நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கடைக்குப் பின்னால் போய்த் துப்புவார்கள். அதனால் பாய் ஒவ்வொருவரையும், "வாயைத் தெற, நாக்கைத் தூக்கு, ரெண்டு கன்னத்தையும் காட்டு" என்பார். அறிவிப்பு வந்த பிறகு அந்தப் பெட்டியைத் தேடி யாரும் வரவில்லை.

அம்சவேணி மட்டும் போனாள். அவளுக்கும் இருமல். ஆடி மாசத்திலிருந்து. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு இருமினாள். சளிப் பரிசோதனைக்கு ஒரு டப்பா கேட்கலாம் என்றுதான் கடைக்குப் போவாள். கடையில் யாராவது நிற்பார்கள். 'புருஷனுக்கு வெச்ச மருந்து வெச்சவளையே புடிச்சிருச்சு' என்பார்கள். உப்பு வாங்கிக்கொண்டு திரும்புவாள். வீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போதுமான உப்பு சேர்ந்துவிட்டது. டப்பா மட்டும் வரவில்லை.

மாதேஸ்வரனோ இப்போது அண்ணன் வீட்டில் சாப்பிட்டான். இன்றைக்கு அவன் வயிற்றிலிருந்து உருண்டை வந்தால், அம்சவேணி தாய்வீட்டுக்குப் போகவேண்டியது என்று முடிவாகியிருந்தது. போய்விட்டால் இருமலோடு அங்கே கிடக்க வேண்டியதுதான்.

மாதேஸ்வரனைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். சாமி வாசலோரம் இருந்த மரத்துக்குப் பின்னால் போய் மூலிகை மென்றுவிட்டு வந்து குழலை எடுத்தார். வழக்கமாக அந்த நேரத்தில் அவர் மௌனம். ஆனால் அரசியல்வாதிக்கு மைக்கும் கூட்டமும் ஒன்றாகக் கிடைத்தால் கை சும்மா இருக்குமா?

"சாமி நாலு வார்த்தை பேசோணும்!" என்று ராசப்பன் மைக்கைச் சாமியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

சாமி தலையை ஆட்டினார். கூட்டம் விடவில்லை. வேறு வழியின்றி அருள்வாக்கு புறப்பட்டது. கொழகொழவென்று, வாய் நிறைய ராகிக் களியை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

அம்சவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அழுவோணும்னு உக்காத்தி வெச்சா சிரிக்கறியா?" என்றார் ராசப்பன்.

"இல்லீங்க... எங்க ஊட்டுக்காரரு மாத்திரையக் கன்னத்துல ஒளிச்சு வெச்சுக்கிட்டுப் பேசுவாரே, அதேயாட்ட இருக்குதுங்க."

மிளகு மூட்டை ஏற்ற வந்து ஓரமாக நின்றிருந்த ஜாபர் உசேனின் காதில் அது விழுந்தது. வருஷக்கணக்கான பழக்கம். நேரே முன்னால் வந்துவிட்டார்.

"சாமி, வாயைத் தெறங்க. நாக்கைத் தூக்குங்க."

"பாய்!" என்று சீறினார் ராசப்பன். "எங்க சாமி சமாச்சாரத்துல நீங்க தலையிடாதீங்க!"

"சாமியை நான் ஒண்ணுஞ் சொல்லலீங்க தலைவரே. வாயைத்தான் தெறக்கச் சொன்னேன். வெறும் வாய்தான்னா ஒரு செம்புத் தண்ணி கொப்புளிச்சுப்போட்டு அப்புறம் உறிஞ்சட்டும். நானே சேவல் வாங்கித் தாரேன்."

சாமி மந்திரம் கலைந்துவிடும் என்று கையால் ஜாடை காட்டினார். கூட்டத்தில் பாதி அவருக்குப் பரிந்து முணுமுணுத்தது. வரிசையில் அடுத்ததாகச் சேவலோடு நின்றிருந்த பாவாயிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏஞ்சாமி, ஊரே பாய் முன்னால வாயைப் பொளந்து காட்டலியா? எனக்கு இருக்கறதே நாலு பல்லு, நானே காட்டினேன். உங்களுக்கு மட்டும் என்ன வெக்கம்?"

அது நியாயமாகப் பட்டது. மாத்திரை சாப்பிட்ட அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். "தெறங்க சாமி! நாக்கைத் தூக்குங்க சாமி!"

சாமி விழுங்கிவிடலாம் என்று பார்த்தார். உருண்டை பெரியது, தொண்டை சிறியது. புரையேறியது. இருமினார். எத்தனையோ பேரின் இருமலில் பிழைத்தவர் தன் இருமலில் மாட்டினார். வலது கன்னத்திலிருந்து கோழி ஈரலில் மயிரைச் சுற்றிய உருண்டை, விரித்த வாழையிலையிலேயே வந்து விழுந்தது. குழல் இன்னும் தொப்புளைத் தொடவே இல்லை.

"பலே! வயித்துல இருந்து எடுக்கறதுக்கு முன்னாலயே வாய்க்கு வந்துருச்சே! ரொம்ப வேகமான மருந்துதான்" என்றார் பாய். "அந்தக் கன்னம்?"

இடது கன்னத்திலிருந்து இன்னொன்று விழுந்தது.

"அது யாருக்கு?" என்றது கூட்டம்.

"ஐயையோ, அடுத்தது நாந்தான்! அது என்னுது!" என்று பாவாயி அலறினாள். அடுத்த நொடி சேவலைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டாள்.

"எனக்கு அப்பவே சந்தேகம்" என்றார் ராசப்பன். மைக் அவர் கையில்தான் இருந்தது, ஊர் முழுக்கக் கேட்டது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சாமி குழலை விட்டுவிட்டு ஜீப்பைப் பிடித்தார்.

கட்டிலில் எழுந்து உட்கார்ந்த மாதேஸ்வரன் நெடுநேரம் இருமினான். பெண்டாட்டியை நிமிர்ந்து பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. பாய் கடைக்குப் போய்ச் சளி டப்பாவோடு திரும்பினார்.

"காலையில எந்திரிச்சதும் நல்லாக் காறி இதுல துப்பு மாதேசு. கிருமி பழைய மாத்திரைக்குக் கட்டுப்படுதான்னு பாக்கோணும். இல்லீன்னா வேற மருந்து, ஊசி, நாளும் கூடும்."

"முழுசும் போடறேன் பாய். நீங்க சொல்றதுக்கு முந்தியே நாக்கைத் தூக்கறேன்."

"மந்திரி வாராரே, பலகை எழுதியாச்சே!" என்று புலம்பினார் ராசப்பன்.

"பலகையைத் திருப்பி வைங்க தலைவரே. இத்தனை பேரு இருமறாங்க, மாத்திரை பாதியில நின்னு போவாம பாத்துக்கங்கன்னு அவருகிட்டக் கேளுங்க."

"அவமானமா இருக்காதுங்களா?"

"இருமறவனை இல்லீன்னு சொல்றதுதாங்க அவமானம்."

கடவுளைச் சோதித்துப் பாருங்கள் என்று அந்த ஊரில் யாரும் சொல்லவில்லை. கன்னத்தைப் பார்த்தார்கள், போதுமாக இருந்தது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஜனங்களே, உயிரை ஒப்படைக்கிற இடத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக் கும்பிடுகிறீர்கள்?

கூட்டம் மெல்லக் கலையத் தொடங்கியது. அம்சவேணி எழுந்தாள். முந்தானை வாய்ப்பக்கம் போனது, பாதியில் நிறுத்தினாள். எல்லார் முன்னாலும், வாய்விட்டு இருமினாள். மாதேஸ்வரன் திடுக்கிட்டு அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தான். எவ்வளவு இளைத்திருக்கிறாள்!

அவள் பாயிடம் கையை நீட்டினாள்.

"உப்பு வேண்டாங்க பாய். எனக்கும் ஒரு சளி டப்பா குடுங்க."